ஏறத் துடிக்கிறான், ஏணி எங்கே?

கோவைத் தொழிலாளி பந்தாடத் தெரியாதவன் அல்லன். ஆறு நாள் பவுண்டரி அனலிலே வெந்து, ஏழாம் நாள் காலையில் மைதானத்திலே வியர்வை சிந்துகிறவன் அவன். பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கண்ணெரிச்சலோடு வந்து கோல் காக்கிறவனும் உண்டு. அவனுக்கும் ஆசை இருக்கிறது. நம் குழு இந்த ஆண்டு அடுத்த டிவிஷனுக்கு ஏறாதா? ஏறியபின் அதற்கும் மேலே போகாதா?

இந்த ஆசையைக் கண்டு சிலர் சிரிக்கிறார்கள். "விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டாமா?" என்கிறார்கள். "ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க" என்று பழமொழி பேசுகிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் கேட்பது ஒன்றுதான். தாசில் பண்ண அவனுக்குத் தகுதி இல்லையா? அல்லது கச்சேரிக் கதவை யாரேனும் உள்ளே இருந்து தாழிட்டிருக்கிறார்களா?

தொலைவுக்குப் போகவேண்டாம், தோழர்களே! நம் நேரு ஸ்டேடியத்திலே நடந்த கதையைப் பாருங்கள்.

1946-இல் நுங்கம்பாக்கத்திலே பிறந்த ஒரு கழகம், பின்னாளில் சென்னை சிட்டி என்ற பெயர் பெற்றது. 2016-17 பருவத்தில் அது ஐ-லீக்கிலே நுழைந்தது. படிப்படியாக ஏறி நுழைந்ததா? இல்லை. நிறுவனங்களுக்கென்று திறந்துவிட்ட நேரடி வழியிலே விண்ணப்பித்து நுழைந்தது. அன்றைய விதி அப்படி. குழுவின் மீது குற்றமில்லை. பிறகு கோவை அதன் சொந்தக் களமாயிற்று. பெயர் சென்னை, பந்து உருண்டதோ கோவையிலே!

2019 மார்ச் 9. பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். முதல் கோல் அவர்களுடையது. அரங்கம் திகைத்தது. ஆனால் குழு திகைக்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்தக் குழு, மூன்று கோல் திருப்பிப் போட்டு 3-1 என்று வென்றது. 43 புள்ளி! நூற்றாண்டுப் பெருமை கொண்ட ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்திலே ஐ-லீக் கோப்பை கொங்கு மண்ணில் இறங்கியது.

சரி, வென்றவனுக்குக் கிடைத்தது என்ன? மேலே ஒரு மாடி இருந்தது. 2014-இல் கட்டிய ஐ.எஸ்.எல். என்ற பணக்கார மாடி. அதிலே 2017-இல் பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் ஏலத்தின் வழியே நுழைந்தன. ஆனால் அதே 2017-இல் ஐ-லீக்கை வென்ற ஐஸ்வாலுக்கு இடமில்லை. மிசோரம் மலையூரிலிருந்து வந்து, பெரிய குழுக்களையெல்லாம் வீழ்த்திய சின்னக் குழு அது! 2018-இல் வென்ற மினர்வாவுக்கும் இல்லை. 2019-இல் வென்ற நம் கோவைக் களத்துக் குழுவுக்கும் இல்லை. காலால் வென்றவன் வாசலிலே நின்றான். காசோலையோடு வந்தவன் கூடத்திலே அமர்ந்தான். ஐ-லீக்கை வென்றவன் மேலே ஏறலாம் என்ற விதி 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு பஞ்சாப் ஏறியது. மறு ஆண்டு முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. நல்லது, வரவேற்போம். ஆனால் நமக்கு அது நான்கு ஆண்டு பிந்திய நியாயம்.

அதற்குள் என்ன ஆயிற்று? 2020 மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவு மசியாவோடு சொந்தக் கள ஆட்டம். எங்கே ஆடினார்கள்? கோவையிலா? இல்லை, ஆமதாபாத்திலே! எட்வின் வன்ஸ்பாலும் ரோமாரியோ ஜேசுராஜும் மேல்மாடிக் குழுக்களுக்குப் போனார்கள். ஏணி இல்லாத ஊரிலே குழு ஏற முடியாது. ஆட்டக்காரன் மட்டும் தனியே ஏறுவான். 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலில் அந்தக் குழுவின் பெயரே இல்லை. கோப்பை வந்தது, மூன்றாண்டுக்குள் குழு போயிற்று.

இதிலே நமக்கும் பாடம் உண்டு. 2019-இல் அந்தக் குழுவின் 26 விழுக்காடு பங்கை சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வாங்கியது. பங்கு பாசலிலே, பெயர் சென்னையிலே, ஆட்டம் கோவையிலே. வேர் எங்கே? ஆயிரமாயிரம் பேர் கைதட்டினோம். ஆனால் நாம் பார்வையாளர்கள், உறுப்பினர்கள் அல்லோம். கைதட்டியவனுக்குக் குழுவைக் காப்பாற்றும் உரிமை ஏது?

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கேயும் 1986 வரை கீழே உள்ள குழு மேலே வர, மேலே இருப்பவர்களின் வாக்கு வேண்டும். இருப்பவன் இல்லாதவனுக்கு எளிதில் வாக்களிப்பானா? 1987-இலேதான் ஆடி வென்று ஏறும் முறை வந்தது. முதலில் ஏறிய குழு ஸ்கார்பரோ. ஏறியும் வாழவில்லை, கடன் சுமையால் 2007-இல் கலைக்கப்பட்டது. உடனே அவ்வூர் ரசிகர்கள் தாங்களே உறுப்பினராகிப் புதுக் கழகம் கண்டார்கள். விம்பிள்டனிலும் அப்படியே. குழுவை வேற்றூருக்குக் கொண்டுபோக அனுமதித்தபோது, ரசிகர்கள் 2002-இல் சொந்தக் கழகம் தொடங்கினார்கள். ஒன்பதாம் படியிலிருந்து ஏறி, 2011-இல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தார்கள். ஒன்பதே ஆண்டு! அவர்களிடம் ஏணியும் இருந்தது, வேரும் இருந்தது.

"தரம் வேண்டாமா? ஸ்டேடியம், விளக்கு, இருக்கை வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்தான். 1994-இல் கிடர்மின்ஸ்டர் குழு லீக்கை வென்றும், மைதானம் போதாதென்று ஏற்றம் மறுக்கப்பட்டது. ஆனால் ஸ்டேடியம் கட்டுவது லேத் ஓட்டுகிறவன் கடமையா? மக்கள் வரிப்பணத்திலே நிற்கும் மைதானத்தைத் தரப்படுத்தி, உழைப்பாளியின் குழுவுக்குக் குறைந்த வாடகையிலே விடவேண்டியது அரசின் கடமை, மாநகராட்சியின் கடமை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனிலிருந்து நாட்டின் மேல்மாடி வரை, நடுவிலே ஒரு படியும் முறியாத ஏணி வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் வென்றவர்கள் தமக்குள் மோதி மேலே போகவேண்டும். ஏறுகிற குழுவுக்குப் பொது மைதானம் வேண்டும். குழுவுக்கோ உறுப்பினர் வேண்டும். ஜெர்மனியில் சில கழகங்கள் நீங்கலாக, மற்றவற்றில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினரிடமே இருக்கிறதே, அது இங்கே ஆகாதா? சங்கத்துக்குச் சந்தா கட்டத் தெரிந்த கைகள், கழகத்துக்கும் சந்தா கட்டாவா?

பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மாலைதோறும் பந்து உருளுகிறது. அந்தக் கால்களுக்கு ஆசைப்பட உரிமை உண்டு. அருள் கேட்கவில்லை நாம். வென்றால் ஏறலாம் என்ற நியாயத்தைக் கேட்கிறோம். ஏணியை அவர்கள் வைக்கட்டும். வேரை நாம் ஊன்றுவோம்!