'இல்லை' என்னும் பொய்

2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் இலங்கைத் தீவின் கடைகளில் மிகுதியாகக் கேட்ட சொல் 'இல்லை' என்பதாகும். பால்மா இல்லை; சீனி இல்லை; எரிவாயு இல்லை; மண்ணெண்ணெய் இல்லை. அச்சொல் பல இடங்களில் உண்மையாக இருந்தது. சில இடங்களில் பொய்யாக இருந்தது. அந்தப் பொய்யைப் பற்றியே இங்கே பேசப் புகுகின்றோம். பேசாது விடின், நாம் கற்ற கல்வியே நமக்கெதிராகச் சாட்சி கூறும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். தட்டுப்பாட்டை வணிகர் உண்டாக்கவில்லை. இறக்குமதிக்குக் கொடுக்க நாட்டில் டொலர் இல்லை. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து வயல்களையும் வாட்டினர். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசே அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் எரிபொருள் வரிசையில் நின்ற முதியோர் உயிர்நீத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நகரின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறியது. இவற்றுக்கெல்லாம் ஆண்டவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும் அந்தச் சுமையின்மேல் நம் கையாலும் ஏற்றிய சுமை ஒன்று உண்டு. 2021 ஒக்டோபரில் பால்மாவின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட, 400 கிராம் பொதி 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவாயிற்று. முந்திய நாள்வரை 'இல்லை' என்ற ஒரு கடையில், மறுநாட்காலை அப்பொதிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கக் கண்டோம். கப்பல் ஓரிரவில் வந்து சேர்ந்ததோ? இன்னொரு கடையில், பால்மா வேண்டுமாயின் வேண்டாத பொருளையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று நிபந்தனை. 2022 மார்ச்சில் அதே பொதி 790 ரூபாவாயிற்று. பல வீடுகளில் பிள்ளைகள் வெறுந்தேநீர் குடித்துப் பாடசாலைக்குச் சென்றனர்.

இதனைச் சுட்டினால் மார்க்கத்திலிருந்தே விடை கொணர்வோர் உளர். விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) மறுத்தார்கள் அன்றோ என்பர். ஆம், மறுத்தார்கள். ஆனால் கையில் இருப்பதை மறைத்தவனுக்கு அந்த நபிமொழி அடைக்கலம் ஆகாது. பதுக்கலைப் பாவமெனக் கண்டித்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே.

தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை நபி (ஸல்) சேமித்தார்களே என்பர் வேறு சிலர். அதுவும் உண்மை. வீட்டுத் தேவைக்குச் சேமிப்பதை எவரும் குறை கூறவில்லை. விலையேற்றக் காலத்தில் உணவுப் பண்டத்தை வாணிபத்துக்காக வாங்கி, மேலும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல் என நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) வரையறுக்கின்றார்கள். மக்கள் வேறு வழியின்றித் தவிக்கும்போது, உணவை வைத்திருப்பவனை விற்குமாறு கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர் என்றும் அவர்களே எழுதுகின்றார்கள். சட்டத்தில் தனக்கு வாய்ப்பான பாதியை மட்டும் ஓதுவது கல்வியாகாது.

மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. 2019க்குப் பின் நம் கடைகளைப் புறக்கணிக்கத் தூண்டியோர் இருக்க, நம் குறையை நாமே பேசினால் வெறும் வாயை மெல்லுவோர்க்கு அவல் கொடுத்தது ஆகாதா என்று அது கேட்கும். பதுக்கலுக்குச் சமயம் இல்லை. எல்லாச் சமூகத்து வணிகரிடையிலும் அது நடந்தது. குறைந்த இலாபத்தில் முகம் பார்க்காமல் அளந்து கொடுத்த நம்மவரும் உளர். நாம் மௌனம் காத்தால், அந்த நேர்மையாளரும் பதுக்கியவரின் பழியையே சுமப்பர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் ஒரு வணிகரைக் குறிப்பிடுகின்றார்கள். வாஸித் நகரத்தவரான அவர், பஸராவுக்குக் கோதுமைக் கப்பல் அனுப்பி, சேர்ந்த அன்றே விற்றுவிடுமாறு முகவருக்கு எழுதினார். முகவரோ பிறர் சொற்கேட்டு ஒரு வாரம் தாமதித்துப் பன்மடங்கு இலாபம் ஈட்டினார். செய்தி அறிந்த உரிமையாளர் மகிழவில்லை. பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்டார். அவ்வாறு செய்தும், பாவத்திலிருந்து தப்பினாற் போதும் என்றே அஞ்சினார். அவர் அஞ்சியது ஒரு வாரத் தாமதத்துக்கு!

பிறரை மட்டும் குறை கூறி முடிக்க நமக்கு உரிமை இல்லை. அந்நாட்களில் ஒரு மாலை, கடைவாசலில் பலர் காத்திருக்க, "ஹஸ்ரத், பின்பக்கமாக வாருங்கள்" என்று நாம் அழைக்கப்பட்டோம். சென்றோம். ஒரு பொதியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினோம். பேரப்பிள்ளைக்கு என்று மனம் சமாதானம் கூறிற்று. வாசலில் நின்ற பெண்களின் இடுப்பிலும் பிள்ளைகள் இருந்தனர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட 'இல்லை'யைத்தான் நாம் மரியாதை என்று பெற்று வந்தோம். அடுத்த வெள்ளியன்று மிம்பரில் ஏறியபோது பதுக்கலைப் பற்றிப் பேச நமக்கு நா எழவில்லை.

தட்டுப்பாடு இத்தீவுக்குப் புதிதன்று. 1970களின் பாண் வரிசைகளை மூத்தோர் மறந்திரார். இனியும் வரலாம். வருமாயின், வணிகர் தம் இருப்பை வெளிப்படையாகச் சொல்லி, முன்வாசலில், வந்தவர்க்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கட்டும். தீர்ந்தபின் 'இல்லை' என்னட்டும். பதுக்கிச் சேர்த்தவரின் நன்கொடையைப் பள்ளிவாசல் நிர்வாகிகள் மறுக்கட்டும். பின்கதவு திறந்து அழைக்கப்படும் நம்போன்றோர், சுற்றி வந்து வரிசையின் கடைசியில் நிற்போமாக.