இழுக்கிற குமிழும் சிவப்பு பட்டனும்

சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கட சாப்பாட்டுக் கடைக்கு வாற மெக்கானிக்மாருக்குள்ள ஒரு ஓயாத வழக்கு. பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று வேலைக்கு வந்தால், அதின்ரை ஸ்ரார்ட்டர் சுவிச்சைக் கழற்றி எறிந்துவிட்டு சிவப்பு பட்டன் பூட்டுவதா, இருந்ததையே திருத்துவதா? முக்கால்வாசிப் பேர் பட்டன் கட்சி. நான் திருத்துகிற கட்சி. பரோட்டா வைக்கிறவனுக்கு இதில் என்ன வாய் என்று கேட்கலாம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு ஸ்ராட் எடுக்காத கார் பற்றிக் கொஞ்சம் வாய் இருக்கத்தான் செய்யும்.

இந்தப் பக்கம் வாற பழைய வண்டியில் கூட லான்ட் ரோவர்தான். அமீரகம் 1971இல் உருவாகுமுன் இங்கே இருந்த ட்ரூசியல் ஓமான் ஸ்கவுட்ஸ் படையும் பாலைவனத்தில் அதைத்தான் ஓட்டியது. இடைக்கிடை ஒரு மொறிஸ் மைனரும் வரும், எனக்குக் கை ஓடாது. 1948இல் வெளிவந்த கார். முதலில் பத்து லட்சத்தைத் தாண்டிய பிரிட்டிஷ் கார் இதுதான்.

மைனரின் பழைய மொடல்களில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாது. டாஷ்போட்டில் ஒரு குமிழ், 'எஸ்' என்று எழுத்துப் போட்டிருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி போய், பொனற்றுக்குக் கீழே இருக்கிற சுவிச்சில் செப்பைச் செப்போடு அழுத்தும். ஸ்ரார்ட்டருக்குப் போற கரண்ட் முழுக்க அதற்குள்ளால்தான் போகும், நூறு அம்பியருக்கு மேல். செப்பு கருகினால் வில்லங்கம். 0.01 ஓம் தடை ஏறினாலே 150 அம்பியரில் 1.5 வோல்ட் அந்தச் சுவிச்சிலேயே போய்விடும். 225 வாட் சூடு! ஸ்ரார்ட்டர் முனகும். உடனே 'பற்றறி சரியில்லை' என்று புதுப் பற்றறி வாங்குவிப்பார்கள். ஸ்ரார்ட்டர் சுற்றும்போது சுவிச்சின் இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே மீற்றரைப் பிடித்துப் பார்க்க ஒரு நிமிசம் போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் அங்கேதான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வராது, பற்றறியும் வராது. மொறிஸ் மைனரும் ஏ 40யும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறின பிறகுதான் மாற்றவேண்டும். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பச் சுற்றவேணும். ஒவ்வொரு சுற்றும் கிழட்டுப் பற்றறியையும் தின்னும், சுவிச்சின் செப்பையும் தின்னும். அந்த நிலைமையில் ஒன்றரை வோல்ட் என்பது பிள்ளைத்தாச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறதா இல்லையா என்கிற கணக்கு. சுவிச்சைத் திறந்து மண்கடதாசியால் செப்பைத் தேய்த்துப் பூட்டுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் ஹான்டில் போட்டுச் சுற்றுவது. ஸ்ரார்ட்டரைச் சுற்ற வலுவில்லாத பற்றறிக்கும் பொறி கொடுக்கிற அளவு வலு இருக்கும்.

அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேயர், இலங்கையின் தெற்கிலே மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே தீவு. அங்கேயிருந்து கப்பலில் சாமான் போகுது. இங்கே ஒரு சுவிச்சுக்கு மண்கடதாசி.

பட்டன் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சொலினொயிட் போட்டால் பெரிய கரண்ட் ஸ்ரார்ட்டருக்குக் கிட்டவே நின்றுவிடும், சின்ன வயரில் சில அம்பியர் மட்டும்தான் ஓடும். ஆனால் சொலினொயிட் செத்தால் ரோட்டோரத்தில் அதைத் திறந்து தேய்க்க ஏலாது. ஒரு மலையாளி மெக்கானிக் என்னிடம், "அண்ணா, கஸ்டமருக்கு பட்டன்தான் வேணும்" என்றார். சரி, போடுங்கோ. பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட, கையால் அமத்தக்கூடிய லூக்கஸ் மாதிரிச் சொலினொயிட்டைப் போடுங்கோ. வயர் அறுந்தாலும் பொனற்றைத் திறந்து அமத்தி ஸ்ராட் எடுக்கலாம். டாஷ்போட்டில் புது ஓட்டை போடாமல், பழைய குமிழ் ஒரு சின்னச் சுவிச்சை இழுக்கிற மாதிரிச் செய்தால் காரின் முகமும் மாறாது. கழற்றின பழசைத் துணியில் சுற்றி டிக்கியில் வைக்கச் சொன்னேன், சிரித்தார். வைத்தாரோ தெரியாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேணும். இந்தக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் எர்த். வெறும் சுருள் மட்டும் உள்ள சொலினொயிட்டுக்கு அது பிரச்சினையில்லை. உள்ளே டயோட் வைத்த நவீன சாமான் என்றால் கருகிவிடும். வேலை தொடங்கமுன் பற்றறியைக் கழற்றுங்கோ. சுவிச்சின் பற்றறிப் பக்கத்துப் போல்ட்டில் தடித்த கேபிளோடு ஒரு மண்ணிற வயரும் இருக்கும். முழுக் காருக்கும் மின்சாரம் அதில்தான் வருது. அதையும் பற்றறி கேபிள் வாற போல்ட்டிலேயே பூட்டவேணும். ஸ்ரார்ட்டர் பக்கம் பூட்டினால் ஹெட்லைற்றும் எரியாது.