இரண்டு மார்க்குக்குள்ளே ஒரு மனுஷன்!

ஒரு சொதப்பல் கதையோட ஆரம்பிக்கலாமா மக்களே? சொதப்பினது வேற யாரும் இல்ல... சாட்சாத் நானேதான்!

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். 'ரெஜிஸ்ட்ரேஷனை யார் பார்த்துக்கிறது?'னு ஹெச்.ஓ.டி. கேட்டதும், கை தூக்கிட்டேன். என்ன பெரிய விஷயம்? ஒரு எக்ஸெல் ஷீட். மாணவர் பெயர், காலேஜ், மொபைல் நம்பர், எந்த ஈவென்ட், எந்த ஹால், ஈவென்ட் கோ-ஆர்டினேட்டர் யார், அவர் நம்பர்... எல்லாம் ஒரே வரியில். ஒருத்தர் மூணு ஈவென்ட்டுக்குப் பெயர் கொடுத்தா மூணு வரி. பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு!

சிம்போசியத்துக்கு முந்தின நாள் ராத்திரி. பேப்பர் பிரசன்டேஷன் ஹாலில் புரொஜெக்டர் படுத்துக்கிச்சு. வேற ஹாலுக்கு மாத்தணும். ஷீட்டைத் திறந்து 'பேப்பர் பிரசன்டேஷன்'னு தேடி, வந்த வரியில் எல்லாம் ஹால் பெயரை மாத்திட்டு, கெத்தாத் தூங்கப் போயிட்டேன். ஆனா, நம்ம பசங்க சில பேர் டைப் அடிக்கச் சோம்பல்பட்டு வெறும் 'பி.பி.'னு மட்டும் அடிச்சு வெச்சிருந்தாங்க. அந்த வரிகள் எதுவும் மாறலை.

காலையில் அதே ஷீட்டிலிருந்துதான் எல்லாருக்கும் ஸ்லிப் அடிச்சுக் கொடுத்தோம். வெளியூர்ல இருந்து விடிகாலை 4 மணி பஸ் பிடிச்சு வந்த ரெண்டு பொண்ணுங்க, ஸ்லிப்பில் இருந்த பழைய ஹால் வாசல்ல போய் உட்கார்ந்துட்டாங்க. அங்கே யாருமே இல்ல. புது ஹாலைக் கண்டுபிடிச்சு ஓடி வர்றதுக்குள்ளே அவங்க ஸ்லாட் முடிஞ்சு, ஜட்ஜுங்க சாப்பிடக் கிளம்பியாச்சு. 'பஸ் காசு போனாப் போகுதுங்க. மூணு மாசம் உழைச்ச பேப்பர்...'னு ஒரு பொண்ணு சொன்னப்போ, எனக்கு எங்கே மூஞ்சியை வெச்சுக்கிறதுன்னே தெரியலை.

இதுல கொடுமை என்ன தெரியுமா? அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நடந்த இன்டர்னல்ல, 'அப்டேட் அனாமலி என்றால் என்ன?'ங்கிற கேள்விக்கு அழகா டேபிள் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால அடிக்கோடு போட்டு, முழு மார்க் வாங்கியிருந்தேன்!

ஒரே தகவலைப் பத்து இடத்தில் எழுதிவெச்சா, ஒன்பது இடத்தில் மாத்திட்டு பத்தாவதை விட்டுடுவோம். அவ்வளவுதான் அப்டேட் அனாமலி. பரீட்சையில எழுதினேன். அந்த ரெண்டு பேர் முகத்தைப் பார்த்தப்போதான் புரிஞ்சுது.

அந்தக் குற்ற உணர்ச்சியில, 'இதையெல்லாம் முதல்ல யோசிச்ச புண்ணியவான் யாருப்பா?'னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சவங்க கதைதான் இந்த வாரம்.

பைலட் எழுதின 11 பக்கம்

எட்கர் காட். 1923-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிச்சவர். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். அப்புறம் அமெரிக்கா போய் ஐ.பி.எம்-மில் சேர்ந்தார். நாற்பது வயசைத் தாண்டி 1965-ல்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பி.ஹெச்டி. முடிச்சார். 'இனிமே எங்கே படிக்கப் போறேன்'னு இருபது வயசுலயே அலுத்துக்கிற கோஷ்டி நோட் பண்ணுங்கப்பா!

அப்போ டேட்டாபேஸ்னா என்ன? ஐ.பி.எம்-மின் 'ஐ.எம்.எஸ்.'தான் பெரிய தலை. நிலவுக்குப் போன அப்பல்லோ திட்டத்துக்கு லட்சக்கணக்கான உதிரி பாகங்களின் பட்டியலைச் சமாளிக்கப் பிறந்த சிஸ்டம். தகவலை மரம் மாதிரி அடுக்கி வைக்கும். மேலே ஒரு வேர், கீழே கிளை, அதுக்குக் கீழே இன்னொரு கிளை. உங்களுக்கு ஏதாவது வேணும்னா, வேர்ல இருந்து எந்தக் கிளை வழியா இறங்கணும்னு புரோகிராம் எழுதறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். நாளைக்குக் கிளையை மாத்தி அடுக்கினா? எழுதி வெச்ச புரோகிராம் எல்லாம் அம்போ!

அதாவது, லைப்ரரியில் ஒரு புத்தகம் வேணும்னா, 'மூணாவது ரூம், அஞ்சாவது பீரோ, ரெண்டாவது தட்டு'னு நீங்களே வழி சொல்லணும். பீரோவை நகர்த்தினா நீங்க காலி.

1970 ஜூன் மாசம் காட் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். மொத்தமே 11 பக்கம். நம்ம ரெக்கார்டு நோட்டைவிட ஒல்லி! அதில் அவர் சொன்னது இதுதான்: தகவல் மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்குங்கிறது பயன்படுத்துறவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. எல்லாம் சாதாரண அட்டவணைகளாகத் தெரியட்டும். 'என்ன வேணும்'னு மட்டும் நீங்க சொல்லுங்க... 'எப்படி எடுக்கிறது'ங்கிறது சிஸ்டத்தின் தலைவலி.

இன்னிக்கு நமக்கு இது சப்பை மேட்டர். அன்னிக்கு? 'அட்டவணை எல்லாம் கேட்க நல்லா இருக்கு, ஆனா வேகமா ஓடுமா?'னு சந்தேகப்பட்டாங்க. ஐ.பி.எம்-முக்கோ ஐ.எம்.எஸ். நல்லா வித்துக்கிட்டு இருந்தது. ஓடற வண்டியை விட்டுட்டு, பேப்பர்ல வரைஞ்ச வண்டியில ஏறச் சொன்னா யார் ஏறுவாங்க?

குவரி விளையாட்டு

ரெண்டு பேர் ஏறினாங்க. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ். ரெண்டு பேரும் ஐ.பி.எம்-மின் இளம் ஆராய்ச்சியாளர்கள். பக்கம் பக்கமா எழுத வேண்டிய புரோகிராமை காட் ஒத்தை வரியில் எழுதிக் காட்டினதைப் பார்த்து சேம்பர்லின் அசந்துபோயிட்டார். ஆனா, அந்த ஒத்தை வரி முழுக்கக் கணிதக் குறியீடு. சாமானியருக்குப் புரியாது.

அதனால நண்பர்கள் ரெண்டு பேரும் ஒரு விளையாட்டு ஆரம்பிச்சாங்க. பெயரே 'குவரி கேம்'. 'தன் மேனேஜரைவிட அதிக சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார்?' - இந்த மாதிரி ஒருத்தர் கேட்கணும். இன்னொருத்தர் அதை எளிமையா எழுதிக் காட்டணும். முதலில் 'ஸ்கொயர்'னு ஒரு மொழி செஞ்சாங்க. அதில் எழுத்துக்குக் கீழே பொடி எழுத்து போடணும், கீபோர்டில் அடிக்க முடியலை. தூக்கிப் போட்டுட்டு, சாதா இங்கிலீஷ் வார்த்தைகளை வெச்சே அடுத்ததைச் செஞ்சாங்க. 'சீக்வெல்'. அந்தப் பெயருக்கு வேறொரு கம்பெனி டிரேட்மார்க் வெச்சிருந்ததால, பின்னாடி 'எஸ்.க்யூ.எல்.' ஆச்சு. ஆமா, நம்ம லேப்ல 'செலக்ட் ஸ்டார்'னு அடிக்கிறோமே... அதேதான்!

1974 மே மாசம், மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஒரு கருத்தரங்கம். காட் ஒரு பக்கம், பழைய முறையின் பிதாமகர் சார்லஸ் பாக்மன் இன்னொரு பக்கம் நின்னு விவாதம் பண்ணினது அங்கேதான். சீக்வெல் கட்டுரை வந்ததும் அதே கருத்தரங்கில்தான்.

அடுத்த சில வாரங்களில், ரேமண்ட் பாய்ஸ் இறந்துபோனார். மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பு. முப்பது வயசைக்கூடத் தொடலை.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ரெண்டு மார்க் கேள்வி மக்களே... 'பி.சி.என்.எஃப். என்றால் என்ன?' பாய்ஸ் - காட் நார்மல் ஃபார்ம்! அந்த 'பி' இவர்தான். நாலு எழுத்தா மனப்பாடம் பண்ணின எனக்கு, அதுல முதல் எழுத்து ஒரு மனுஷன்னு தெரியவே தெரியாது. தான் செஞ்ச மொழி உலகம் முழுக்கப் போனதை அவர் பார்க்கலை.

அவர் பெயர் சொல்ற விதியையாவது ஒழுங்காப் புரிஞ்சுக்கலாமே? மாணவர், பாடம், ஸ்டாஃப் - மூணு காலம் இருக்கிற அட்டவணை. ஒரு ஸ்டாஃப் ஒரே ஒரு பாடம்தான் எடுப்பார். ஒரு பாடத்தைப் பல ஸ்டாஃப் எடுக்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு பாடத்துக்கு ஒரே ஸ்டாஃப். இப்போ ஸ்டாஃப் பெயரைச் சொன்னாலே பாடம் என்னன்னு தெரிஞ்சிடும். ஆனா, ஸ்டாஃப் பெயரை மட்டும் வெச்சு இந்த அட்டவணையில் ஒரு வரியைத் தனியா அடையாளம் காட்ட முடியாது. ஒரு ஸ்டாஃபிடம் 60 பேர் படிச்சா, 'இவர் இந்தப் பாடம்'ங்கிற ஒரே விஷயம் 60 தடவை எழுதப்படும். தேர்ட் நார்மல் ஃபார்மில் இது பாஸ். பி.சி.என்.எஃப்-பில் ஃபெயில். 'எது இன்னொன்றைத் தீர்மானிக்கிறதோ, அது ஒரு வரியையே அடையாளம் காட்டுற கீயா இருக்கணும்' - இவ்வளவுதான் அந்த விதி. என் ஷீட்ல ஈவென்ட் பெயர் ஹாலைத் தீர்மானிச்சது. ஆனா அது கீயா இல்ல. அங்கேதான் மாட்டிக்கிட்டேன்!

ஐ.பி.எம். தூங்கிச்சா? முழுசா இல்ல. 'சிஸ்டம் ஆர்'னு ஆராய்ச்சி நடத்தி, முடிவுகளை வெளிப்படையா எழுதினாங்க. அதைப் படிச்சுட்டு லாரி எல்லிசன் கோஷ்டி 1979-லேயே 'ஆரக்கிள்' விக்க ஆரம்பிச்சது. ஐ.பி.எம்-மின் முதல் எஸ்.க்யூ.எல். சரக்கு சந்தைக்கு வந்தது 1981-ல்! அதே வருஷம் காட்டுக்கு டூரிங் விருது. கம்ப்யூட்டர் உலகின் நோபல்னு சொல்வாங்களே, அது. 2003-ல் அவர் மறைஞ்சார்.

குள்ள மரத்தின் ரகசியம்

சரி, 'வேகமா ஓடுமா?'ங்கிற அந்தக் கேள்விக்குப் பதில்? அதில் பெரிய பங்கு ஒரு டேட்டா ஸ்ட்ரக்சருக்கு. போயிங் ஆராய்ச்சிக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரெய்ட் இருவரும் செஞ்ச 'பி-ட்ரீ'. முதல் வடிவம் 1970, பத்திரிகையில் முழுக் கட்டுரை 1972.

ஒரு சின்னக் கணக்கு. 10 லட்சம் பெயர்ல ஒரு பெயரைத் தேடணும். ரெண்டு ரெண்டாப் பிரியுற பைனரி மரம்னா, சுமார் 20 படி இறங்கணும். ஹார்டு டிஸ்கில் ஒரு படிக்கு ஒரு தடவை முள் நகர்ந்தா, தடவைக்கு 10 மில்லி செகண்டுனு வெச்சாலும் 200 மில்லி செகண்ட். பேயரும் மெக்ரெய்ட்டும் யோசிச்சது வேற மாதிரி. டிஸ்க் எப்படியும் ஒரு பைட்டைத் தனியா எடுக்கப் போறதில்லை, ஒரு பெரிய துண்டாத்தான் எடுக்கும். அப்போ அந்தத் துண்டு முழுக்கப் பெயர்களை அடைச்சுடு! ஒரு கணுவிலிருந்து 100 கிளை பிரிஞ்சா, நூறு x நூறு x நூறு... மூணே படியில் 10 லட்சம்! 30 மில்லி செகண்ட். ஒல்லியா உயரமா வளராம, குள்ளமா அகலமா வளர்ற மரம். மை-எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரஸ்னு நாம புராஜெக்ட்டுக்கு எடுக்கிற எல்லாத்திலும் இன்னிக்கும் இண்டெக்ஸா நிக்கிறது இந்தக் குடும்பத்து மரம்தான்.

அந்த 'பி'க்கு அர்த்தம்? போயிங்கா, பேயரா, பேலன்ஸ்டா? கட்டுரையில் சொல்லவே இல்ல. பல வருஷம் கழிச்சுக் கேட்டப்போகூட, 'அது என்னவா இருக்கும்னு யோசிக்க யோசிக்க பி-ட்ரீ நல்லாப் புரியும்'கிற மாதிரி சொல்லி நழுவிட்டார் மெக்ரெய்ட். எக்ஸாமினர் யாராவது 'பைனரி'னு மட்டும் எழுதாம இருந்தா சரி!

கெமிக்கல் பையன்

'பாஸ், நான் சி.எஸ். இல்லையே'ங்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிச்சவர் சி.மோகன். கேம்பஸில் இருந்த ஐ.பி.எம். 370 மெஷின் மேல் காதலாகி, டெக்ஸாஸ் போய் கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.ஹெச்டி. முடிச்சு, 1981-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-ல் அவர் வெளியிட்டது 'ஏரீஸ்'.

உங்க அக்கவுன்ட்ல 500 ரூபாய் கழிச்சாச்சு, நண்பன் அக்கவுன்ட்ல சேர்க்கிறதுக்குள்ளே கரன்ட் கட். பணம் எங்கே? ஏரீஸ் மாதிரி முறைகளில், எதை மாத்தினாலும் முதல்ல குறிப்பேட்டில் எழுதிட்டுத்தான் மாத்தணும். கரன்ட் வந்ததும் மூணு வேலை. எதுவரை நடந்ததுன்னு பார்க்கிறது, நடந்ததை எல்லாம் அப்படியே திரும்ப நடத்துறது, பாதியில் நின்னதை மட்டும் அழிக்கிறது. பாதிப் பணம் அந்தரத்துல தொங்காது. நம்ம வீட்டு மளிகைக் கடை அண்ணாச்சி, சாமானை எடுத்துக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதுவாரே... அதே புத்திதான்!

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். காட்டின் அந்த 11 பக்கத்தில் முதல் ரெண்டு பக்கத்தை மட்டும் படிங்க. கைடு புத்தகத்தைவிட எளிமையா இருக்கும், சத்தியமா! ஏன்னா கைடு எழுதினவருக்கு நீங்க மார்க் வாங்கினாப் போதும். காட்டுக்கு, கேட்கிறவங்க நம்பியாகணும்.

இந்த வருஷ சிம்போசியத்துக்கும் நான்தான் ரெஜிஸ்ட்ரேஷன். கேட்டு வாங்கினேன். இப்போ மூணு அட்டவணை: மாணவர்கள், ஈவென்ட்டுகள், யார் எதில் கலந்துக்கிறாங்க. ஹால் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான். முந்தின நாள் ராத்திரி வழக்கம்போல ஹால் மாறிச்சு. ஒரே ஒரு கட்டத்தில் மாத்தினேன். எல்லா ஸ்லிப்பும் சரியா வந்துச்சு.

அந்த ரெண்டு பேரையும் போன்ல கூப்பிட்டு அழைச்சிருந்தேன். ஒருத்தர்தான் வந்தாங்க. ஸ்லிப்பை வாங்கினதும் முதல்ல ஹால் பெயரைத்தான் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, 'இது நிஜம்தானே?'

நிஜம்தாங்க. பாய்ஸ் மேல சத்தியமா!