விசாவில் இல்லாத வேலை

துபாயின் ஜெபல் அலி என்றால் 1979-ல் திறந்த துறைமுகம் என்பார்கள். தொழிலாளர் கேம்ப்வாசியான எனக்கு அது அக்காவின் மோர்த்தூக்கு. விசாவில் அவர் ‘இல்லத்தரசி’. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறிவேப்பிலை மணக்க எங்கள் வாசலில் நிற்பார்.

இங்கே ஒருவர் இறந்தால், உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ், துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங், சரக்கு விமானம் என்று அலைய வேண்டும். எத்தனையோ பேருக்கு அவர்தான் அலைந்தார். எந்தக் காகிதம் எந்த ஜன்னலில் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். போன மாதம் அதைப் பார்த்துத்தான் அவரையே மதுரைக்கு அனுப்பினோம்.

சங்கத்தாரே, அவர் படத்துக்கு மாலை போட்டது போதும். அந்த நோட்டை அச்சடித்து ஒவ்வொரு கேம்ப்பிலும் கொடுங்கள்.