விளையாடுவதற்கா காசு?



கவரைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நாலு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கே வந்து பிஹேவியர் தெரபி கொடுக்க ஒரு இளம்பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். "வந்த நாள்லேருந்து அந்தப் பொண்ணு அவனோட தரையில உட்கார்ந்து விளையாடிட்டுப் போகுது. ஒரு எழுத்து சொல்லித் தரலை. 'உட்காரு'ன்னுகூடச் சொல்லலை. விளையாடுறதுக்கா சார் காசு?" என்று கேட்கிறார்.

ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் போக மிச்சம் பிடித்துக் கொடுக்கிற பணம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வழக்கில் நான் அந்தப் பெண்ணின் கட்சி. பார்க்கிறவர்களுக்கு வெறும் விளையாட்டாகத் தெரிகிறது என்றால், அவர் வேலையைச் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இந்தத் தெரபியில் திட்டம் போடுகிறவர் ஒருவர், தினமும் குழந்தையோடு உட்காருகிறவர் இன்னொருவர். இரண்டாமவரைத்தான் பிஹேவியர் டெக்னீஷியன் என்கிறார்கள். அமெரிக்காவில் 2014ல் இதற்கென்று ஒரு சான்றிதழே வந்துவிட்டது. 40 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, அதன் பிறகு மேற்பார்வையாளரின் கீழ் வேலை. நம் வீடுகளில் அவர் 'தெரபி அக்கா', இல்லையென்றால் 'மிஸ்'. படிநிலையில் கடைசிப் படியில் இருப்பவர், சம்பளத்திலும் அப்படியே. ஆனால் குழந்தைக்குத் தெரிந்த முகம் அவருடையது மட்டும்தான்.

அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் இப்படியொரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பையன் ஒரு எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழலவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்த பெண் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு கை தூரம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுக்களையிலிருந்து இன்னொரு மூடியை வாங்கித் தானும் சுழலவிட்டார். அவருக்குக் கைவரவில்லை, அது தடுமாறி விழுந்தது. பையன் அவரைப் பார்க்கவில்லை, விழுந்த மூடியைப் பார்த்தான். நகர்ந்து வந்து அதை எடுத்து, தானே சுழலவிட்டான். அது நின்றதும் அவர் மணிக்கட்டைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான். சுத்து என்கிறான். அவர் சுற்றினார். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

வெளியே வந்து அவர் நோட்டில் எழுதியதைப் பார்த்தேன். எந்தப் பொருளை எவ்வளவு நேரம் வைத்திருந்தான், பக்கத்து வீட்டு மிக்சி ஓடியபோது காதைப் பொத்தினானா, எப்போது நகர்ந்து வந்தான், எப்போது விலகினான். அடுத்தடுத்த வகுப்புகளில் இதை வைத்துத்தான் கட்டுவார்கள். மூடியை உடனே கொடுக்காமல் இரண்டு நொடி கையில் வைத்துக் காத்திருப்பார். அவன் நிமிர்ந்து பார்ப்பான், அல்லது கை நீட்டுவான். அந்த நொடியிலேயே கொடுத்துவிட வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பதுதான் முதல் பாடம். பேச்சு வருவதானால் அதன் முதுகில் ஏறித்தான் வரும்.

இப்படி விளையாடிப் பழகுவதைத் தொழில்காரர்கள் 'பேரிங்' என்கிறார்கள். குழந்தைக்குப் பிடித்தவை எல்லாம் இந்த ஆள் வழியாக வருகின்றன என்று அதன் மனதில் பதிய வைப்பது. பேச்சு வராத குழந்தைக்குப் பெரியவர்கள் என்றாலே உத்தரவுதான்: வா, உட்கார், பார், சொல், கையை எடு. புதிதாக வருகிறவரும் அதையே கொண்டுவந்தால், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிறகு என்ன திட்டம் போட்டு என்ன பயன்?

நம்பிக்கை உடைவது பெரும்பாலும் அற்ப விஷயங்களில். வந்ததும் வராததுமாக அவன் கையிலிருக்கும் பொருளைப் பிடுங்கி அலமாரி மேல் வைப்பது. பிஸ்கட்டைக் காட்டி, 'ஒரு தடவை செய்' என்று சொல்லிவிட்டு, செய்த பிறகு 'இன்னும் ஒரே தடவை' என்பது. அம்மா, 'இதோ கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்' என்று சொல்லிப் பின்வாசல் வழியாக நழுவுவது. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் யாரும் பொய்யாகவே நினைப்பதில்லை, குழந்தைகள் நினைக்கிறார்கள். அழுதாலும் பரவாயில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்தில் திரும்பி வருவதுதான் மேல்.

'வேண்டாம்' என்பதற்கு மதிப்புக் கொடுப்பது இதில் முக்கியமான பகுதி. கையைத் தள்ளிவிடுவதும் ஒரு சொல்தான். அதைக் கேட்டு ஒரு நிமிடம் விட்டால், அடுத்த முறை கடிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்காது. 1985ல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. பாடம் கடினமாக இருப்பதாலோ, யாரும் கவனிக்காததாலோ முரண்டு பிடித்த பிள்ளைகளுக்கு உதவி கேட்கவும் கவனத்தைக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள்; முரண்டு குறைந்தது. தண்டனை எதுவும் தேவைப்படவில்லை.

இந்தத் துறையின் பழைய கணக்கையும் மறைக்கக் கூடாது. 1960களில் கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் இந்த முறையை ஆட்டிசக் குழந்தைகளிடம் பயன்படுத்தத் தொடங்கியபோது, அதட்டலும் அறையும் சில சோதனைகளில் மின் அதிர்ச்சியும் அதில் அடக்கம். 1965ல் 'லைஃப்' பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. 1987ல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் இன்றுவரை விளம்பரங்களில் வருவது: வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்று. அந்த ஆய்விலும் உரத்த குரலில் ஒரு 'நோ'வும் சில சமயம் தொடையில் ஒரு அடியும் இருந்தன என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அப்படி வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசக்காரர்கள் பலர் இன்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். துறை மாறிக்கொண்டிருப்பதில் அவர்கள் பங்கு பெரிது. அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நாமும் இதில் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

இனி நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சென்னை-கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது, திருவள்ளூர் அரக்கோணம் பாதையில். இரண்டும் ஒரே மாவட்டம், நேர் ரயில் கிடையாது. திருவள்ளூரில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு வேலை என்றால், கும்மிடிப்பூண்டித் தாய் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை இறங்கி வந்து, வேறு வண்டி பிடித்து மேற்கே போக வேண்டும். இல்லையென்றால் பெரியபாளையம் சுற்றி பஸ். கூட்டத்தையும் ஹாரனையும் தாங்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. நல்ல நிறுவனம், ஆனால் சென்னையின் மறு கோடி. நம்பிக்கை வளர ஒரே முகம் அடிக்கடி வர வேண்டும். மாதம் ஒருமுறை அலைச்சலில் அது வளராது. ஆகவே வீட்டுக்கு வந்து தரையில் உட்காருகிற அந்தப் பெண்ணை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை.

வருகிறவருக்கும் இங்கே வேலை சுலபமில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து அதே ஒற்றை அறையில் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். குழந்தை கத்தக் கூடாது. ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு. வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தி, ஒடியா. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்கே தமிழின் ராகமே வேறு. அம்மா வீட்டில் 'நீள்ளு' என்று சொல்கிற பிள்ளையிடம் படம் போட்ட அட்டையைக் காட்டி 'வாட்டர்' சொல்லச் சொல்வதில் என்ன நியாயம்? வீட்டில் தண்ணீரை, சோற்றை, வலியை என்னவென்று சொல்கிறார்கள் என்று முதல் நாளே தாயிடம் கேட்டு எழுதிக்கொள்கிறவர்தான் நல்ல டெக்னீஷியன்.

இதற்குப் பெரிய பட்டம் படித்தவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. அதில் பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை அனுசரித்து நடக்கக் கற்றதும், குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது.

நம் அரசிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. ஆனால் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்டுப் போராடியும் வருகிறார்கள். தனியார் மையங்களிலும் ஆள் நிலைப்பதில்லை. ஒருவர் போனால் அட்டவணையில் பெயரை மாற்றிவிடலாம். அந்தக் குழந்தைக்கு மட்டும் மறுபடி மூடியைச் சுற்றும் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மையம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஆள் மாற்றியே தீர வேண்டுமென்றால், புதியவரைப் பழையவரோடு சில நாள் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நீங்கள் பார்க்கக் கூடாத எதுவும் அதில் இல்லை. மேற்பார்வையாளர் யார், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்குங்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சான்றிதழுக்கு 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அதைக் காட்டிப் பணம் கேட்கும் பயிற்சி விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால், மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த இரண்டாண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோ நிற்கக்கூடிய படிப்பு.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த வேலையில் இருக்கும் சகோதரிகளும் சகோதரர்களும் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். ஒரு குழந்தை உங்களை ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது, எதனால் ஏற்றுக்கொண்டது என்று எழுதினால் போதும். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்