குரங்கணிக்கு நடக்கப் போறீங்களா?

போடிநாயக்கனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய்தான் ஞாபகம் வரும். 2018க்குப் பிறகு காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைத் தீ சூழ்ந்தது. ஆஸ்பத்திரியில் பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள்.

உடனே ரெண்டு கட்சி உருவானது. "இவங்களை யாருய்யா மலைக்குப் போகச் சொன்னா?" என்று டீக்கடையில் ஒரு கட்சி. "விபத்து எங்கேயும்தான் நடக்கும்" என்று இணையத்தில் இன்னொரு கட்சி. ரெண்டுமே வசதியான பேச்சு. கேட்க வேண்டிய கேள்வி வேற: கூட்டிக்கொண்டு போனவருக்கு அந்த மலையின் மார்ச் மாதம் தெரியுமா?

அந்தச் சரிவுகள் முழுக்க அடர்காடு என்று நினைத்துவிடாதீர்கள். சோலைக்காடு இருப்பது மலை மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும்தான். மிச்சமெல்லாம் புல். மழைக்காலத்தில் பச்சைப்பசேல் (போட்டோவில் மயக்குவது இதுதான்). மார்ச்சில் அதுவே காய்ந்த சருகு. கீழே பிடித்த தீ சரிவில் ஏறும்போது வேகம் கூடும். மேலே உள்ள புல்லை அனலே முன்னால் போய்க் காயவைத்துவிடும். சமவெளிக்காரருக்கு மேலே ஓடினால் தப்பிக்கலாம் என்றுதான் தோன்றும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அந்த மாதத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பார்.

அன்றைக்கு முதலில் மேலே ஓடியவர்களும் குரங்கணி சுற்றுவட்டார ஜனங்கள்தான். போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஹெலிகாப்டரெல்லாம் அப்புறம்.

தெரிந்தவனைக் கூப்பிட்டுக்கொள்வது ஒன்றும் புதுசு இல்லை. பக்கத்தில் தேக்கடியிலேயே நடந்திருக்கிறது. காட்டில் வயணப்பட்டை திருடிக் கொண்டிருந்தவர்களை 1990களின் கடைசியில் கேரள வனத்துறை அழைத்து வழிகாட்டிகள் ஆக்கியது. யானைத்தடம் எது, எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் திருடப்போன காலத்திலேயே படித்த பாடம் அவர்களுக்கு! அதே ஆட்கள் பிறகு திருடர்களையும் பிடித்தார்கள்.

பூட்டிவிடுவது சுலபமான வழி. கலிஃபோர்னியாவில் உலகிலேயே உயரமான செம்மரம், சுமார் 116 மீட்டர், பேர் ஹைப்பீரியன். பார்க்க வந்தவர்கள் மிதித்தே அடித்தரையைக் கெடுத்ததால் 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். ஒரு மரத்துக்கு அது சரி. போடி மலையில் முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஊர்கள் இருக்கின்றன. ஜனங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறார்கள். இதை எங்கே பூட்டுவது?

நல்லவேளை, அரசு பூட்டவில்லை. 2018இலேயே மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. குரங்கணி – சாம்பலாறு அதில் ஒன்று. இணையத்தில் பதிவு, கூட வருவது பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், தீ பரவும் மாதங்களில் நிறுத்தம். கட்டணம் ஜாஸ்தி என்று அப்போதே புலம்பல் கிளம்பியது. ஏலக்காய் கிலோ ஆயிரக்கணக்கில் ஏலம் போகிற ஊரில் ஒரு மனுஷனின் மலையறிவுக்கு மட்டும் பேரம்! பி.காம் பாஷையில் சொன்னால் அந்தப் பணத்தை இன்சூரன்ஸ் பிரீமியம் தலைப்பில் எழுத வேண்டும்.

ஒரு விஷயம்தான் இடிக்கிறது. ஐ.டி. வேலைக்காரருக்கு சனி, ஞாயிறு மட்டும் லீவு. ஞாயிறு ராத்திரிக்கு பஸ் டிக்கெட் எடுத்தாச்சு. காற்று மாறுவதைப் பார்த்து வழிகாட்டி "இன்னைக்கு வேணாம் சார்" என்றால் எத்தனை பேர் கேட்பார்கள்? "அவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்ச தூரம் போயிட்டு வந்துடலாமே அண்ணே" என்றுதானே கெஞ்சுவார்கள். நடையை ரத்து செய்தால் வந்தவருக்குப் பணம் முழுசாகத் திரும்பணும், வழிகாட்டிக்கு அன்றைய கூலியும் குறையாமல் கிடைக்கணும். வேணாம் என்று சொன்னால் தன் கூலியும் போகும் என்ற நிலையில், வீட்டில் உலை வைத்துக் காத்திருக்கிறவர் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வார்?