பளபளப்புக் கடையும் பற்று நோட்டும்



பேரங்காடியில் சர்க்கரை மலிவு, எண்ணெய் மலிவு என்கிறார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை. 2002-இல் மும்பை பவாயில் முதல் கடை திறந்த டி-மார்ட், பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறது; சரக்கை மொத்தமாக எடுத்து, விரைவாகப் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறது. தாராவிச் சந்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மூட்டைக் கணக்கில் அரிசி எடுக்கும் நம் அண்ணாச்சிக்கு அந்த விலை எப்படிக் கிடைக்கும்?

ஆனால், மலிவு மட்டுமா கணக்கு? 2020 ஊரடங்கில் கூலி நின்றபோது, எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அண்ணாச்சி கடைப் பற்று நோட்டினால்தான். பேரங்காடிக் கல்லாவில் ரொக்கம் இல்லாதவனுக்கு உப்பும் இல்லை!

பெரிய கடை நிலைக்கும் என்பதும் நிச்சயமில்லை. 1997-இல் சென்னையில் தோன்றி ஆயிரத்துக்கும் மேல் கடை விரித்த சுபிக்ஷா 2009-இல் மூடியது. 2001-இல் தொடங்கிய பிக் பஜார் கடனில் மூழ்கியது. 2022-இல் அதன் பல கடைகளின் இடங்களை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கும். பெரிய மீனைத் திமிங்கலம் விழுங்கும். கடைசியில் ஒருவரே மிஞ்சினால் விலை சொல்பவர் யார்? கேட்டு வாங்கக் கைநீட்டி நிற்பவர் யார்?

அங்கலாய்த்துப் பயனில்லை. அண்ணாச்சிமார் பத்துப் பேர் கூடி, வாஷி மொத்தச் சந்தையில் ஒன்றாகக் கொள்முதல் செய்யட்டும். எடையும் விலையும் ஒளிவின்றி இருக்கட்டும். நாமும், பற்றைச் சந்துக் கடையில் வைத்துவிட்டு ரொக்கத்தைப் பேரங்காடியில் கொட்டும் வழக்கத்தை விடுவோம். சம்பளத்தன்று முதலில் பழைய பாக்கியைத் தீர்ப்போம்!